காரணம் என்ற கட்டம்

வால்டிவியாவில் ஜூன் மாதம் மழை.
மழை விட்டால் தூவானம்.
மருத்துவமனையின் நிலவறையில்
ரொமினா நெகுல்மான்
இருநூற்றுப் பதினான்கு இதயங்களைக்
காகிதத்தில் திறந்து மூடுகிறாள்.

கத்தி கிடையாது. பச்சை மசிப் பேனா.
கோப்புக்குப் பதினொரு கேள்வி.

இதயத்தின் முன்புறம் இறங்கும் தமனிக்கு
இடது மார்பின் உள்தமனியைக் கொண்டுவந்து தைத்தார்களா?
தைத்தார்கள். எல்லோரும்.
அதில் யாருக்கும் சண்டையில்லை.
ஒட்டிய குழாயில் ரத்தம் ஓடுவதை
நெஞ்சை மூடுமுன் அளந்தார்களா?
பாதிப் பேர்.
ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பிரின்?
ஐந்தரை மணி நேரத்தில் கொடுத்ததாக இருக்கிறது.
எல்லா நோயாளிக்கும் ஐந்தரை,
எல்லாம் ஒரே கையெழுத்து.
இதற்கு என்ன குறி போடுவதென்று
படிவத்தில் இல்லை.

ஏழாவது கேள்வியில் பேனா நிற்கும்:
அடுத்த பாதைக்கு
முன்கைத் தமனியை எடுத்தார்களா?
முடிந்தால் எடு என்கிறது நெறி.
கால் சிரை கைக்கு எளிது, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.
கைத் தமனி வருடங்கள் தாங்கும்.
இங்கே பத்தில் ஏழு பேருக்குக்
கால்தான்.

"ஏட்டில் போடுகிற தையலில்
ரத்தம் கசியாதம்மா"
என்கிறார் டாக்டர் ஓயார்சூன்,
காபிக் கோப்பையைக் கோப்பின் மேலேயே வைத்து.
எடுக்கும்போது ஒரு பழுப்பு வளையம்.

எண்பத்தெட்டாம் கோப்பு.
லீனோ பார்ரியா, ஐம்பத்தொன்பது வயது, ரொட்டிக்கடை.
மணிக்கட்டில் இரண்டு நாடியும் நன்றாகத் துடிக்கிறது.
எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.
காரணம் என்ற கட்டம் காலி.

எண்பத்தொன்பது.
அறுபது வயது, அதே அடைப்பு, அதே துடிப்பு,
அதே வாரம், அதே ஓயார்சூன்.
எடுக்கவில்லை.
கட்டம் காலி.

கேட்டாள்.

"பார்ரியாவுக்குக் காது கேட்காது, பேச்சும் கிடையாது.
கையால்தான் பேசுகிறார்.
முன்கையைக் கீறினால்
கட்டைவிரல் சில பேருக்கு மரத்துப்போகும்.
மற்றவர்களுக்கு அது மரத்த விரல்.
அவருக்கு அது திக்குவாய்."

இவ்வளவையும் எழுத
அந்தக் கட்டத்தில் இடமில்லை என்றார்.
இருந்தது. இரண்டு விரற்கடை.

"அடுத்தவர்?"

ஓயார்சூன் சன்னலைப் பார்த்தார்.
காயே-காயே ஆற்றங்கரையில்
மீன்சந்தைக் கழிவுக்குக் காத்திருக்கும்
கடற்சிங்கம் ஒன்று ஏப்பம்போல் கத்தியது.
"வெள்ளிக்கிழமை" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
பொய்யும் சொல்லவில்லை.

படிவத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.
கடைப்பிடிக்கவில்லை, கடைப்பிடிக்கவில்லை.
ஒரு விரலுக்காக யோசித்து மீறியதும்
கடிகாரத்தைப் பார்த்து மீறியதும்
ஒரே வெள்ளைக் கட்டத்தில்
அருகருகே படுத்திருக்கின்றன,
ஒரே வார்டில் கிடந்தவர்கள்போல.

பச்சை மையை மூடி வைத்துப்
பென்சில் எடுத்தாள்.
காபி வளையத்துக்குள் "விரல்" என்று எழுதினாள்.
அடுத்த கோப்பின் ஓரத்தில் "வெள்ளி".
பிறகு இரண்டாவதை அழித்தாள்.
பிறகு திரும்ப எழுதினாள், இன்னும் அழுத்தி.

சாந்தியாகோவுக்குப் போன அறிக்கையில்
ஏழாம் கேள்விக்கு முப்பத்தொன்று சதவீதம்.
ஓரங்கள் போகவில்லை.
எண்ணுக்கு ஓரம் கிடையாது.

மாலையில் ரொட்டி வாங்கப் போனாள்.
கல்லாவுக்குப் பின்னால் ஒரு மனிதர்,
இடது கணுக்கால் வீங்கி,
ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்தபடி
மகளோடு கையால் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.
எதற்கென்று தெரியவில்லை. வேகமான சண்டை.
பத்து விரலும் கத்தின.
மாவு பறந்தது.

எண்பத்தொன்பதாம் எண்காரர் வீடு
ஆற்றுக்கு மேலே, படகில் ஒன்றரை மணி.
முகவரி அவளிடம் இருக்கிறது.
இந்த வாரமும் மழை.